பெர்லினை வேவு பார்த்த அணில்

ஆபீஸ்ல ஆணி அதிகமாகி தள்ளிப் போய்க்கிட்டே இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், காப்பியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. நான் வளர்ந்தது சேலையூர்ல. தாம்பரம் விமானப்படை தளம் பக்கத்துலயே. அங்கேதான் விமானப்படைக்குப் பறக்கச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களுக்கே பாடம் நடத்துற பள்ளி இருக்கு. அதனால எங்க வீட்டு மொட்டை மாடிக்கு மேல எப்பவும் கிரண் விமானம் சுத்திக்கிட்டே இருக்கும். போன விமானம் திரும்பி வரும், வந்தது மறுபடியும் போகும். "இதுங்க எங்கேயும் போய்ச் சேராதா?"ன்னு அப்பாகிட்ட கேட்டேன். "அதுங்க ஸ்கூல் பஸ்டா, அப்படித்தான் சுத்தும்"னார். அன்னைக்கு அது பெரிய ஏமாத்தமா இருந்துச்சு. குண்டு போடாது, சண்டை போடாது, இதெல்லாம் ஒரு ஃபைட்டர் பிளேனான்னு.

அப்புறம் பல வருஷம் கழிச்சு ஆபீஸ் வேலையா லண்டன் போனப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை ஹெண்டன்ல இருக்கிற ஆர்.ஏ.எஃப் மியூசியத்துக்குப் போனேன். போனது லங்காஸ்டரையும் ஸ்பிட்ஃபயரையும் பாக்கத்தான். ஆனா சிவப்பும் வெள்ளையுமா குட்டியூண்டு விமானம் ஒண்ணு கண்ல பட்டுச்சு. முன்னாடி ஒரு காத்தாடி, கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு சீட், வால் தரையில உக்காந்திருக்கு. சேலையூர் ஆளுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, இது ஸ்கூல் பஸ் :-)

பக்கத்துல போய் விவரத்தைப் படிச்சா, 1997ல உலகத்தையே சுத்தி வந்த விமானமாம். ஸ்கூல் பஸ் எங்கேயும் போகாதுன்னு நெனச்சவனுக்கு எப்படி இருக்கும்? அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் தெளியலை. பேர், டி ஹாவிலண்ட் கனடா சிப்மங்க்.

சிப்மங்க்னா வட அமெரிக்காவுல இருக்கிற சின்ன அணில். நம்ம ஊர் அணில் மாதிரியே முதுகுல கோடு இருக்கும். ராமர் அங்கேயும் போய்த் தடவிக் கொடுத்தாரான்னு தெரியலை. கனடா டி ஹாவிலண்ட் கம்பெனிக்காரங்க இந்த விமானத்துல ஆரம்பிச்சு அடுத்தடுத்து வந்ததுக்கெல்லாம் மிருகங்க பேரா வச்சாங்க. பீவர், ஆட்டர், கரிபூ, பஃபலோன்னு. வரிசையில முதல் ஆள் நம்ம அணில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் பைலட்டுகள்ல பெரும்பாலானவங்க முதல் பாடம் படிச்சது டைகர் மாத்னு ஒரு விமானத்துல. 1931ல வந்தது. மேலயும் கீழயுமா ரெண்டு அடுக்கு இறக்கை, நடுவுல கம்பியும் கட்டையும், மேல துணி. மூடியே கிடையாது, மூஞ்சில காத்து அறையும். நல்ல விமானம்தான். ஆனா போர் முடியறப்ப ஜெட் வந்தாச்சு. நாளைக்கு ஜெட் ஓட்டப் போற பையனை இன்னைக்குத் துணி கட்டின வண்டியில எத்தனை நாள் உக்கார வைக்கிறது?

டொராண்டோ பக்கத்துல டவுன்ஸ்வியூங்கிற இடத்துல டி ஹாவிலண்டோட கனடா கிளை இருந்துச்சு. போர் நடந்தப்ப டைகர் மாத்தும் மஸ்கிட்டோவும் கட்டிக் கொடுத்த தொழிற்சாலை. போர் முடிஞ்சதும் ஆர்டர் போச்சு. அவங்க சொந்தமா டிசைன் பண்ணின முதல் விமானம்தான் சிப்மங்க். அதை டிசைன் பண்ணினவர் கனடாக்காரரும் இல்லை, இங்கிலாந்துக்காரரும் இல்லை. வ்செவோலோட் யாகிமியூக்னு ஒரு போலந்துக்காரர்.

இந்த மனுஷனைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். போருக்கு முன்னாடி போலந்தோட அரசாங்க விமானத் தொழிற்சாலையான பி.இசட்.எல்.ல சண்டை விமானங்களோட தலைமை வடிவமைப்பாளர். புவாவ்ஸ்கின்னு ஒரு திறமையான டிசைனர் 1931ல விமான விபத்துல இறந்து போக, அவர் விட்ட வேலையை எடுத்துச் செஞ்சவர் இவர்தான். இவர் செஞ்ச பி.24ங்கிற சண்டை விமானத்தை துருக்கி, கிரீஸ், ருமேனியா, பல்கேரியான்னு நாலு நாடு வாங்குச்சு. போலந்து தனக்குன்னு வாங்கவே இல்லை! ஏற்றுமதிக்கு மட்டும்தான். அவங்க விமானப்படை அதைவிடப் பழைய பி.11ஐ வச்சுக்கிட்டுத்தான் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனியோட மோதுச்சு. 17ஆம் தேதி கிழக்கே இருந்து சோவியத் படை உள்ள வந்துச்சு. ரெண்டு பக்கமும் இடிச்ச இடியில நாடே காணாமப் போச்சு. யாகிமியூக் தப்பிச்சு, கடைசியில கனடா வந்து சேர்ந்தார்.

சண்டை விமானம் கட்டின கை. நாடு இல்லை, தொழிற்சாலை இல்லை. கெடச்ச வேலை, பையன்களுக்குப் பறக்கக் கத்துக் கொடுக்கிற சின்ன விமானம் ஒண்ணு வரையறது. வேற யாராவதா இருந்தா ஏனோதானோன்னு வரைஞ்சிருப்பாங்க. சிப்மங்க் ஓட்டினவங்க எழுதினதை நான் தேடித்தேடிப் படிச்ச வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றது, கையில பிடிச்சா ஒரு சண்டை விமானத்தோட பதம் இருக்கும், குச்சியை லேசாத் தொட்டா போதும், நெனச்ச பக்கம் போகும்ங்கிறது. அது எங்கேருந்து வந்துச்சுன்னு இவரோட பழைய கதை தெரிஞ்சா புரியும்.

உடம்பு முழுக்க உலோகம். இறக்கையில மட்டும் பின்பக்கத்துக்குத் துணி. ஒத்தை இறக்கை, கீழ்ப்பக்கம். ஜிப்ஸி மேஜர்னு 145 குதிரைசக்தி இன்ஜின், நாலு சிலிண்டரும் தலைகீழாத் தொங்கும். இறக்கை முனைக்கு முனை 10.47 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம டவுன் பஸ் நீளம். காலி எடை 650 கிலோவுக்குள்ள. முழு வேகம் மணிக்கு 222 கிலோமீட்டர். 1946 மே 22ஆம் தேதி டவுன்ஸ்வியூவுல முதல் தடவையா மேல ஏறுச்சு. ஓட்டினவர் பாட் ஃபில்லிங்ஹாம், இங்கிலாந்துத் தாய்க் கம்பெனியில இருந்து இதுக்காகவே வந்த சோதனை பைலட்.

அப்புறம் பிரிட்டன் விமானப்படை சோதிச்சுப் பாத்து, பிடிச்சுப் போய், டி.10ன்னு பேர் வச்சு 735 வாங்குச்சு. 1950ல ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஸ்குவாட்ரன்ல டைகர் மாத்தைத் தள்ளிட்டு இது உக்காந்துச்சு. கனடாவுல கட்டினது 200க்குக் கொஞ்சம் மேல, பிரிட்டன்ல 1,000, போர்ச்சுகல்ல உரிமம் வாங்கி 66. கனடாவுல பொறந்து பிரிட்டன்ல பெரிய குடும்பமான கதை. சும்மா சொல்லலை, மகன் வீட்டுல வரைஞ்சதைத் தாய் வீட்டுல வாங்கிக் கட்டினது அந்தக் கம்பெனியில இதுதான் முதல் தடவை.

இதுல படிக்கிறது எப்படி இருக்கும்னு பாப்போம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

முன் சீட்ல மாணவன், பின் சீட்ல வாத்தியார். (டைகர் மாத்ல உல்டா, வாத்தியார் முன்னாடி.) இன்ஜினைக் கிளப்ப பிரிட்டிஷ் விமானத்துல சாவி கிடையாது, தோட்டா! நெசமாத்தாங்க. துப்பாக்கித் தோட்டா மாதிரியே, குண்டு இல்லாத காலித் தோட்டா. வெடிச்சா வர்ற வாயு இன்ஜினைச் சுத்திவிடும். பட்டுனு ஒரு சத்தம், ஒரு புகை, காத்தாடி சுத்த ஆரம்பிச்சிரும். நம்ம ஊர்ல புல்லட்டை உதைச்சு ஸ்டார்ட் பண்றவங்களுக்கே கெத்து தாங்காது, தோட்டா போட்டு ஸ்டார்ட் பண்றவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பாக்க டேஷ்போர்டுல முள் கிடையாது. இறக்கைக்கு மேல, டேங்க் இருக்கிற இடத்துலயே சின்னதா ஒரு அளவுகோல் இருக்கும். கழுத்தைத் திருப்பி இடது இறக்கையை ஒரு தடவை, வலது இறக்கையை ஒரு தடவை பாத்துக்கணும். ஆளுக்கு 9 காலன், மொத்தம் 18. மாணவன் கண்ணு எப்பவும் உள்ளயே பதியாம, வெளிய பாத்துப் பழக இது ஒரு நல்ல வழின்னு எனக்குத் தோணுது. கம்பெனிக்காரங்க அப்படி நெனச்சு வச்சாங்களா, இல்லை வயர் மிச்சம்னு வச்சாங்களா, அது அவங்களுக்கே வெளிச்சம் :-)

தரையில ஓட்டறது அதைவிடக் கஷ்டம். வால் கீழ இருக்கறதால மூக்கு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. பாம்பு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைச்சு வளைச்சுத்தான் ஓட்டணும். தரையிறங்கும்போது கால் ரெண்டும் ரட்டர் பெடல்ல நடனமாடிக்கிட்டே இருக்கணும். ஒரு நொடி அசந்தா வால் முன்னாடி வர ஆசைப்படும், விமானம் பம்பரம் மாதிரி ஒரு சுத்து சுத்தி நிக்கும். முன்சக்கரம் வச்ச விமானத்துல பழகினவங்களுக்குக் கால் தூங்கிப் போயிருக்கும்பாங்க. சிப்மங்க்ல தூங்க முடியாது.

இதெல்லாம் மானம் போற தப்புங்க. உயிர் போற தப்பு ஒண்ணு இருந்துச்சு. சுழல், ஸ்பின்.

விமானம் வேகம் கொறஞ்சு, இறக்கையில காத்து ஒட்டாமப் போறப்ப, ஒரு இறக்கை இன்னொண்ணைவிட அதிகமா விழும். அவ்வளவுதான், மூக்கு கீழ போயி, விமானம் திருகாணி மாதிரி சுத்திக்கிட்டே இறங்கும். அந்தக் காலத்துல ஒவ்வொரு மாணவனையும் வேணும்னே இதுக்குள்ள தள்ளி, வெளிய வரச் சொல்லிக் கொடுப்பாங்க. வெளிய வர்ற வழி சுலபம் மாதிரிதான் எழுதியிருக்கும். சுத்துற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ரட்டரை முழுசா மிதி, ஒரு கணம் பொறு, குச்சியை முன்னாடி தள்ளு, சுத்தறது நிக்கிற வரைக்கும் விடாதே.

சிப்மங்க்ல இந்தக் கடைசி வரியில ஒரு வில்லங்கம். குச்சியைத் தள்ளத் தள்ள அது பலமா எதிர்க்கும். சில சமயம் கடைசி வரைக்கும், டேஷ்போர்டைத் தொடற அளவுக்குத் தள்ளணும். அதைவிட மோசம், எல்லாம் சரியாச் செஞ்ச பிறகும் நிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இன்னும் வேகமாச் சுத்தும். பத்தொன்பது வயசுப் பையன், தலைகீழாத் தரை பம்பரமாச் சுத்துது, சொல்லிக் கொடுத்ததைச் செஞ்சாச்சு, ஆனா வேகம் கூடுது. அவன் மனசுல என்ன தோணும்? "தப்பாப் பண்ணிட்டேன்"னுதான் தோணும். கையை எடுப்பான், வேற எதையாவது செய்வான். அங்கேதான் முடிஞ்சு போகும்.

ஆரம்ப வருஷங்கள்ல சுழல்ல இருந்து வெளிய வராம விமானங்கள் விழுந்துச்சு. ஆள் செத்தாங்க. அப்புறம்தான் மாத்தங்கள் வந்துச்சு. வாலுக்கு முன்னாடி உடம்புல ரெண்டு பக்கமும் ஸ்ட்ரேக்னு பட்டையா ஒரு தகடு வச்சாங்க, ரட்டரை அகலமாக்கினாங்க. பாடப் புத்தகத்துலயும் வேகம் கூடினா பயப்படாதே, அது நிக்கப் போறதுக்கு அடையாளம், பிடிச்சதை விடாதேன்னு சேர்த்தாங்க. மியூசியத்துல இருந்த விமானத்தோட வாலுக்குப் பக்கத்துல போய்ப் பாத்தேன். சின்னதுதாங்க அந்தத் தகடு, யாரும் கவனிக்கவே மாட்டாங்க. எத்தனை வீட்டுல விழுந்த இடிக்குப் பிறகு அது அங்க வந்து ஒட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்.

இப்படிப் படிச்சவங்க பட்டியல் பெருசு. எலிசபெத் ராணியோட வீட்டுக்காரர் இளவரசர் பிலிப் 1952ல பறக்கக் கத்துக்க ஆரம்பிச்சது இதுலதான். அவங்க பையன் சார்லஸ், இப்ப ராஜாவா இருக்கிறவர், 1969ல முதல் தடவையா ஒத்தையில பறந்ததும் இதுலதான். அதோட, 1958ல இருந்து பள்ளிக்கூட கேடட் பசங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போற வேலையும் இதுக்குக் கொடுத்தாங்க. பிரிட்டன்ல ஐம்பது வயசு தாண்டின யாரையாவது நீங்க கேட்டீங்கன்னா, "சின்ன வயசுல சிப்மங்க்ல போய் வாந்தி எடுத்தேன்"னு பெருமையாச் சொல்ல நல்ல வாய்ப்பு இருக்கு.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு தகவல். 1951ல ராயல் சிலோன் விமானப்படைன்னு ஆரம்பிச்சப்ப அவங்க கைக்கு முதல்ல வந்த விமானம் இந்தச் சிப்மங்க்தான். சொல்லிக் கொடுத்தவங்க பிரிட்டன் விமானப்படை அதிகாரிங்க. அந்தப் படை பிற்பாடு யார் தலைமேல எதைப் போட்டதுங்கிறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை இந்தப் பதிவுல கலக்கலை. ஆனா அதோட முதல் அத்தியாயம் இந்தக் குட்டி விமானத்துலதான் தொடங்குதுங்கிறதை எழுதாமப் போகவும் மனசு வரலை.

நம்ம நாட்டுக்கு? அதே 1951 ஆகஸ்ட்ல பெங்களூர்ல எச்.ஏ.எல். தன்னோட சொந்த டிசைனான எச்.டி-2வைப் பறக்க விட்டுச்சு. டாக்டர் வி.எம்.காட்கே வடிவமைச்சது. பக்கத்துல நிறுத்தினா சிப்மங்க்குக்குப் பங்காளி மாதிரியே இருக்கும். அது தனிப் பதிவுக்கான கதை, இப்ப வேணாம்.

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

போர் முடிஞ்சதும் பெர்லினை நாலாப் பிரிச்சாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத். நகரம் இருந்ததோ சோவியத் பகுதிக்கு நட்டநடுவுல. வானத்துக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. பெர்லினோட நடுவுல ஒரு புள்ளி வச்சு, அங்கேருந்து 20 மைல் ஆரத்துக்கு வட்டம். அந்த வட்டத்துக்குள்ள நாலு நாட்டு விமானமும் பறக்கலாம். மேற்குப் பெர்லின் சின்ன இடம்தான். அதனால அந்த வட்டத்துல பெரும்பகுதி கிழக்கு ஜெர்மனி மண்ணுக்கு மேல. அந்த மண்ணுல போட்ஸ்டாம், கிராம்ப்னிட்ஸ், பெர்னாவ், டால்கோன்னு சோவியத் ராணுவ முகாம்கள் அடுக்கடுக்கா இருந்துச்சு. புரியுதா? :-)

பிரிட்டிஷ் பகுதியில காட்டோங்கிற விமான தளம். அங்க 1956ல இருந்து ரெண்டு சிப்மங்க் நின்னுச்சு. எதுக்குன்னு கேட்டா பதில் ரெடியா இருந்துச்சு. இங்க மேசை வேலை பாக்கிற அதிகாரிங்க எல்லாம் பைலட்டுங்க, பறக்கிற பழக்கம் விட்டுப் போகக் கூடாதில்லையா, அதுக்குத்தான். பொய்யும் இல்லை. அது பறந்துக்கிட்டே இருந்தாத்தான் அந்த வட்டத்துல எங்களுக்கு உரிமை இருக்குன்னு காட்டவும் முடியும். ரோடு போற நம்ம வயக்காட்டுல வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடந்து பாதையைக் காப்பாத்துவோம்ல, அந்த மாதிரி.

ஆனா உள்ள உக்காந்திருந்த ரெண்டாவது ஆள் கையில பெரிய லென்ஸ் வச்ச கேமரா. பிரிக்ஸ்மிஸ்னு ஒரு அமைப்பு. 1946ல சோவியத்தோட செஞ்சுக்கிட்ட ஒப்பந்தப்படி கிழக்கு ஜெர்மனிக்குள்ள சட்டப்படி சுத்தி வரலாம்னு அனுமதி வாங்கின பிரிட்டிஷ் ராணுவத் தூதுக்குழு. பேருக்குத் தூது, வேலை வேவு. அவங்க ஆளுங்கதான் சிப்மங்க்ல ஏறினாங்க. முகாமுக்கு மேல சில நூறு அடி உயரத்துல வட்டம் போடுவாங்க. கண்ணாடிக் கூண்டைத் தள்ளித் திறந்துட்டு, குளிர்காத்துல கேமராவை நீட்டிப் படம். எந்த டாங்கி புதுசா வந்திருக்கு, ரயில்ல எத்தனை வண்டி ஏத்தியிருக்கு, எந்த ஷெட் கதவு திறந்திருக்குன்னு.

ஜெட் விமானம் விர்ருனு போயிரும். இது மெதுவாப் போகும், வளையும், திரும்ப வரும். பயிற்சி விமானத்தோட பலவீனம்னு எதையெல்லாம் சொல்வோமோ அதெல்லாம் இங்க பலம். சேலையூர்ல நான் கேலி பண்ணின அதே சுத்தல்தான்!

ஆபத்து இல்லாம இல்லை. ஒவ்வொரு தடவை பறக்கவும் பெர்லின்ல நாலு நாடும் சேர்ந்து நடத்தின விமானப் பாதுகாப்பு மையத்துல சொல்லணும். அங்க சோவியத் அதிகாரி அந்தச் சீட்டுல ஒரு முத்திரை குத்தித் தருவார், விமானத்தோட பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லைன்னு. நகர எல்லைக்கு வெளிய பறக்கிறதை அவங்க ஒத்துக்கலைங்கிறதைச் சொல்ற முறை அது. முத்திரையை வாங்கிப் பையில வச்சுக்கிட்டு, துப்பாக்கி இல்லாத, கவசம் இல்லாத, ஒத்தை இன்ஜின் விமானத்துல, துப்பாக்கி வச்சிருக்கிற ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க தலைக்கு மேல போய் வட்டம் போடணும். இன்ஜின் நின்னா இறங்க வேண்டியது அவங்க மைதானத்துலதான். இதே வேலையைத் தரையில செஞ்ச அமெரிக்கத் தூதுக்குழு அதிகாரி மேஜர் ஆர்தர் நிக்கல்சனை 1985 மார்ச்ல ஒரு சோவியத் காவலாளி சுட்டுக் கொன்னார். அப்பவும் சிப்மங்க் பறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

1956ல இருந்து 1990 வரைக்கும். சுவர் எழும்பினப்பவும் அது மேல இருந்துச்சு, சுவர் விழுந்தப்பவும் மேல இருந்துச்சு. 1990 அக்டோபர் 3ஆம் தேதி ஜெர்மனி ஒண்ணாச்சு, நாலு நாட்டு உரிமையும் முடிஞ்சு போச்சு, அணிலுக்கும் அங்க வேலை முடிஞ்சு போச்சு.

எனக்கு இதுல திரும்பத் திரும்ப நெனப்பு வர்றது அந்தப் போலந்துக்காரர்தான். 1939ல எந்தப் படை அவர் நாட்டைக் கிழக்கே இருந்து வந்து விழுங்குச்சோ, அதே படையோட முகாம் மேல அவர் வரைஞ்ச விமானம் முப்பது வருஷத்துக்கு மேல சுத்தி வந்து டாங்கியை எண்ணியிருக்கு. அவர் இதுக்காக வரையலை. வரைஞ்சுட்டு அவர் பாட்டுக்கு ஃபிரான்ஸ் போயி பரூடர்னு ஒரு ஜெட் சண்டை விமானம் செஞ்சார், அது தொழிற்சாலை உற்பத்திக்கே போகலை. தோத்துப் போன சண்டை விமானத்தோட பேரை யாரும் ஞாபகம் வச்சுக்கலை. ஸ்கூல் பஸ் நின்னு பேர் வாங்கிருச்சு.

மிச்சக் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 'டாப் கன்' படம் பாத்திருப்பீங்க. அதுல வானத்துப் படப்பிடிப்பு பண்ணின ஆர்ட் ஷோல், சிப்மங்க்கைப் பலமா மாத்திக் கட்டி அமெரிக்கா முழுக்க சாகசம் காட்டின ஆள். 1985 செப்டம்பர்ல அந்தப் படத்துக்காக வேற ஒரு விமானத்துல சுழலைப் படம் பிடிக்கப் போயி, வெளிய வர முடியாம பசிபிக் கடல்ல விழுந்து செத்துப் போனார். வாழ்நாள் முழுக்க சுழலோட விளையாடினவர். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க. அவரோட சிப்மங்க் வாஷிங்டன் பக்கத்துல ஸ்மித்சோனியன் மியூசியத்துல பத்திரமா இருக்கு.

பிரிட்டன்ல கேடட் பசங்களுக்கான கடைசி சிப்மங்க் 1996ல ஓய்வு பெற்றுச்சு. 46 வருஷ சர்வீஸ். ஓய்வு கொடுத்த அடுத்த வருஷமே ரெண்டு சிப்மங்க்கை எடுத்துக்கிட்டு லண்டன்ல கிளம்பி, மாஸ்கோ, சைபீரியா, அலாஸ்கா, சிகாகோ, கிரீன்லாந்து, ஐஸ்லாந்துன்னு 64 நாள்ல 16,000 மைலுக்கு மேல சுத்தி வந்துட்டாங்க. முந்தி எந்தப் படையை வேவு பாத்துச்சோ, அந்த நாட்டு மண்ணுலயே இறங்கி பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போயிருக்கு. நான் ஹெண்டன்ல பாத்தது அதுல ஒண்ணு.

ரெண்டே ரெண்டு சிப்மங்க் மட்டும் பிரிட்டன் விமானப்படை கணக்குல தங்கிருச்சு. போர்க்கால ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டரைப் பறக்க வச்சுக் காட்டற நினைவுப் பிரிவு ஒண்ணு இருக்கு. அதுக்கு 1983ல ஒண்ணும் 1995ல ஒண்ணும் போச்சு. ஜெட்ல பழகின பைலட் நேரா ஸ்பிட்ஃபயர்ல ஏறினா வால் கீழ இருக்கிற விமானத்தைத் தரையிறக்கத் தெரியாது. அந்தப் பழங்காலப் பொக்கிஷத்தை உடைச்சுட்டா? அதனால முதல்ல சிப்மங்க்ல உக்காந்து காலைப் பழக்கிக்கணும். அந்த ரெண்டுல ஒண்ணு, டபிள்யூ.ஜி.486, பெர்லின்ல நின்ன அதே விமானம்.

போன மாசம் இதோட பிளாஸ்டிக் கிட் ஒண்ணு வாங்கிப் பொண்ணோட சேர்ந்து ஒட்டிக்கிட்டு இருக்கேன். இறக்கை ஒட்டியாச்சு, கண்ணாடிக் கூண்டுல பசை பட்டு ஒரு கைரேகை வேற. வாலுக்கு முன்னாடி வைக்கிற அந்த ஸ்ட்ரேக் ரெண்டும் நகம் அளவுதான் இருக்கு. ஒண்ணு கட்டிலுக்கு அடியில விழுந்து காணாமப் போச்சு. "இத்தனூண்டு தகடு, இல்லைன்னா என்னப்பா?"ங்கிறா. டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் தேடிக்கிட்டு இருக்கோம்.